ஆறாவது சட்டை

ஆறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை.
ஆறு ஆரஞ்சு மிதவைச் சட்டைகள்.
கொக்கி மாட்டிவிடுவது என் வேலை.
மாட்டும்போதே கேட்டுவிடுவார்கள்:
"டால்பின் எத்தனை மணிக்குத் தம்பி வரும்?"

ராமேஸ்வரம் பாசஞ்சரா அது
என்று நாக்கு நுனிவரை வரும்.
விழுங்கிக்கொள்வேன்.
எங்கள் வாயில் அது ஓங்கில்.
பயணிகளிடம் மட்டும் டால்பின்.

பங்குனி. குந்துகால் துறையில்
கடல் எண்ணெய் பூசியதுபோல் கிடந்தது.
மிக்கேலடிமை அண்ணன் சுக்கான் பிடிக்க
குருசடையை இடப்பக்கம் விட்டு
மேற்கே போனோம்.
பிறகு புள்ளிவாசல்,
பிறகு மனோலி,
தூரத்தில் பார்க்கையில்
யாரோ மறந்து வைத்துப்போன
பச்சைத் துண்டுபோல.

பார் தெரிகிற இடத்தில் எஞ்சினை அணைத்தோம்.
அணைத்ததும்தான் தெரிந்தது
அடியில் பழைய அலை ஒன்று
இன்னும் தூங்காமல் புரள்கிறதென்று.

காத்திருந்தோம்.
காரைக்குடிக்காரர் கைபேசியைத்
தூக்கிப் பிடித்தே வைத்திருந்தார்,
கை மரத்ததும் மாற்றிப் பிடித்தார்.
புதுமணத் தம்பதி கடலைவிட
ஒருவரையொருவர் நன்றாகப் பார்த்தார்கள்.
மாவுக்கட்டுப் போட்ட சிறுவன்
ஒவ்வொரு ஆலாவையும் "அதோ!" என்றான்.
அவன் அப்பா ஒவ்வொரு தடவையும் திரும்பினார்.

ஆறாவது ஆள்,
முதுகுளத்தூர் பத்திரப்பதிவு ஆபீஸ்,
பட்டியலில் ரா. மங்கையர்க்கரசி.
அந்த அம்மா மட்டும் எதையும் தேடவில்லை.
விளிம்பைப் பிடித்துக் குனிந்து
காலையில் தின்ற இட்லியை
மன்னார் வளைகுடாவுக்குக்
கொடுத்துக்கொண்டிருந்தார்.
நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து
பின்னால் நின்றேன்,
மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தபடி.

புஸ்ஸ்.

சைக்கிள் டியூப் வாய் திறந்த மாதிரி ஒரு சத்தம்.
திரும்புவதற்குள்
தண்ணீரில் ஒரு வட்டம் மூடிக்கொண்டிருந்தது.
எல்லோரும் இடப்பக்கம் சாய
படகும் சாய்ந்தது, அண்ணன் திட்டினார்.
கைபேசிகள் முக்கால் மணி நேரம் கடலைத் தின்றன.
ஒரு கறுப்பு முதுகுகூடக் கிடைக்கவில்லை.

"நிஜமாவே பாத்தீங்களாம்மா?"
காரைக்குடிக்காரர் கேட்ட தொனியில்
வில்லங்கச் சான்று கேட்கிற தோரணை.
"கண்ணை மூடியிருந்தேன்" என்றார் அந்த அம்மா.
"மூஞ்சில மூச்சு விட்டுச்சு.
சூடா.
அழுகின சாளை நாத்தம்."
சிரித்தார்கள்.
சிறுவன் மட்டும்
தன் உள்ளங்கையில் ஊதி
மோந்து பார்த்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
நாலு வருடத்துக்கு முன்
ஒரு புரட்டாசி இரவு,
சீலா வலையில் ஒன்று
சுற்றிக்கொண்டு கிடந்தது.
வலையைக் கிழிக்கிற சனியன் என்று
பிறந்ததிலிருந்து நாங்கள் திட்டிய அதே சாதி.
பதினெட்டாயிரம் ரூபாய் வலை,
பாதி என் மச்சான் சந்தியாகுவின் பணம்.
"அறுக்காதடா" என்றான்.
அறுத்தேன்.
டார்ச்சை வாயில் கவ்வி
கத்தியோடு நான் குனிந்தபோது
அது ஒரு தடவை மூச்சு விட்டது.
சூடாக. அழுகின சாளையும்
நனைந்த இரும்பும் கலந்து.
மூன்று மாதம் மச்சான் பேசவில்லை.
அந்த வாடையை அவனிடம்
என்னவென்று சொல்ல?

பொய் சொல்கிறவர்கள்
அழகாயிருந்தது என்பார்கள்.
துள்ளியது, சிரித்தது,
கண்ணோடு கண் பார்த்தது என்பார்கள்.
நாறியது என்று யாரும்
பொய் சொல்லிக் கேட்டதில்லை.

போத்தலை நீட்டினேன்.
வாயை மட்டும் கொப்பளித்தார்.
முகத்தைக் கழுவவில்லை.

துறையில் இறங்கியதும்
காரைக்குடிக்காரர் பாதிப் பணம் கேட்டார்,
கொடுக்க வழியில்லை என்றோம்.
பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு:
'தென்பட்ட ஓங்கில்கள், எண்ணிக்கை.'
அண்ணன் சுழியம் போடச் சொன்னார்,
ஒருத்தரும் பார்க்கலையே என்றார்.
அதுவும் சரிதான்.
பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மணி ஆட்கள்
வேனிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள்.
ஒன்று என்று போட்டுவிட்டு
ஆறாவது சட்டையை அலசப் போனேன்.