பதினைந்து யார்ட்

வுப்பர்டாலில் மழை விட்டுவிட்டது, புல் விடவில்லை.
சப்பாத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது.
ஆற்றுக்கு மேலே தொங்குரயில் போகிறது.
ஜன்னலில் யாரோ ஒரு நொடி எங்களைப் பார்க்கிறார்கள்:
வரிச்சட்டையோடு ஐந்து பேர்,
தலையைக் கூட்டுக்குள் வைத்த இருபத்திரண்டு பேர்.

என் இடுப்பில் மஞ்சள் துணி,
முனையில் மணல் முடிந்திருக்கிறது.
முன்பு ஈயக்குண்டாம்.
வீசியது ஒருவன் கண்ணில் பட்ட பிறகு
காப்பாற்ற வந்த கொடியையும்
காயப்படுத்தாமல் பழக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் மீற்றரால் அளக்கிற நாட்டில்
ஞாயிறு மட்டும் நான் யார்டில் நடக்கிறேன்.
பிடித்து இழுத்தால் பத்து.
முகக்கம்பியைத் திருகினால் பதினைந்து.
தலையால் தலையை இடித்தால்
பதினைந்தோடு வீட்டுக்கும் போகலாம்.

மூன்றாம் கால்பகுதி.
பந்து இன்னும் காற்றில். லெனார்ட் இரண்டு கையையும் நீட்டி
விலாவைத் திறந்துவிட்டு நிற்கிறான்.
நாற்பத்தொன்று வருகிறான், தலையைக் குனிந்தபடி.
அவன் ஆடும் இடத்துக்குப் பெயர் சேஃப்டி.

அந்தச் சத்தத்தை
நான் ஒன்றோடும் ஒப்பிட மாட்டேன்.
கொடி என் கையை விட்டுப் போயிருந்தது.

லெனார்ட் எழும்பினான். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை."
கைதட்டிக்கொண்டே போய்
எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்தான்.
அவர்கள் சிரிக்கவில்லை.
ஒருவன் நகர்ந்து இடம் கொடுத்தான்.

வெள்ளைத் தொப்பி யுட்டா தீர்ப்பைச் சொல்லுமுன்
பயிற்சியாளர் என் முகத்துக்கு வந்துவிட்டார்:
"தோள்தான் பட்டது! உனக்குக் கண் இருக்கா?"

இருக்கிறது.
முதல் கால்பகுதியிலும் இருந்தது.
இதே லெனார்ட், இதே மாதிரி ஓர் இடி, கொஞ்சம் மெதுவாக.
கை இடுப்புவரை போய்
ஆட்டத்தை ஏன் குழப்புவான் என்று திரும்பி வந்தது.
அதற்கு எத்தனை யார்ட் என்று
புத்தகத்தில் இல்லை.

நடந்தோம். சங்கிலி நகர்ந்தது.
கவசத்தைக் கழற்றிய நாற்பத்தொன்றுக்குப்
பத்தொன்பது வயசு முகம், மூக்கு ஒழுகுகிறது.
"பந்தைத்தான் பார்த்தேன்" என்றான்
ஒருவரிடமும் இல்லாமல்.

உதவிப் பெண் லெனார்ட்டைக் கேட்கிறாள், இன்றைக்கு யாரோடு ஆட்டம்?
போன கிழமை ஆடிய ஊரைச் சொல்கிறான்.
அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.
அவன் தலைக்கவசத்தை மழைக்கோட்டால் மூடி
மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடியும்வரை தேடினான்,
பெஞ்சுக்கு அடியில், தண்ணீர்ப் பெட்டிக்குள்.
கோட்டருகே வந்து என்னிடமும் ஒருமுறை கேட்டான்,
மிகவும் மரியாதையாக.