அவருக்குத் தெரியும்

மேம்பாலத்துக்கு அடியில் எங்கள் பேக்கரி.
இருபத்திநாலாம் தேதி ராத்திரி
ஷட்டர் இறங்காது.
கண்ணாடிப் பெட்டிக்குள் கேக்,
ஏணிப்படியில் கேக்,
மைதா மூட்டைமேல் நான் வைத்த சோற்றுப் பாத்திரம்
எந்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால் போயிற்றோ.

அண்டி ஆபீசில் ஏழு வருஷம்
தோலுரித்த விரல் இது.
இப்போது அரைக்கிலோ கேக்குக்கு மூன்று பருப்பு,
அதையும் பிளந்து கவிழ்த்து வைக்கணும்.
நாலாவது வைத்தால்
என் சம்பளத்தில் குறையும்.

பதினொன்றரைக்கு வந்தான் அஜின்,
வாலிபர் சங்கச் செயலாளர்.
மூன்று கிலோ. வெள்ளை ஐசிங்.
"பிறந்தநாள் வாழ்த்துகள் இயேசுவே."
பிறகு போனைப் பார்த்து வாசித்தான்:
"அன்பளிப்பு, ரசலையன் தங்கமாளிகை,
உண்ணாமலைக்கடை. இப்போது மார்த்தாண்டத்திலும்.
நம்பரும் வேணும்."

இடமில்லை, என்றேன்.

"கடைப் பேரு பெருசா இருக்கணும் அக்கா,
போட்டோ எடுத்து அவங்களுக்கு அனுப்பணும்லா.
இயேசுவ சின்னதா எழுதினா போரும்.
அவருக்குத் தெரியும்."

கூம்பை அமுக்கினேன்.
தங்கமாளிகை மஞ்சளில் விரிந்தது.
பத்து இலக்கமும் சிவப்பில்.
மிச்சம் இரண்டு விரல் அகலம்.
பிறந்தநாளும் வாழ்த்தும் நெருக்கி ஏறின,
சாயங்கால பஸ்ஸில் ஏறுவதுபோல.
'இயே' மேலே நின்றது.
'சுவே' விளிம்பு தாண்டிப்
பக்கச் சுவரில் இறங்கிவிட்டது.
அஜின் குனிந்து பார்த்தான்.
மெழுகுவத்தி எத்தனை வைக்கட்டும் என்றேன்.
யோசித்து, ஒண்ணு போரும் என்றான்.

அவன் போன பிறகுதான்
என் வாயில் வந்த வார்த்தை
என் காதில் விழுந்தது.

ஞாயிறுபள்ளி நாடகத்தில்
சத்திரக்காரனாக எப்போதும் ஒரு தடியன் வருவான்.
கரிமீசை. கதவைப் படாரென்று சாத்துவான்.
நாங்கள் அவனைப் பார்த்துப் பல்லைக் கடிப்போம்.
ஆனால் குடிமதிப்பு எழுத
ஊரெல்லாம் கிளம்பி வந்த ராத்திரி அது.
சீசன்.
வாடகை இரட்டித்திருக்கும்.
முதலாளி கல்லாவைவிட்டு எழுந்திருக்க மாட்டான்.
வாசலில் வந்து பதில் சொன்னவள்
கூலிக்கு நின்ற ஒருத்தி,
காலையிலிருந்து உட்காராதவள்.
சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டு
அந்த வயிற்றைப் பார்த்திருப்பாள்.
பின்பக்கம் தொழுவம் உண்டு,
முன்னணையில் புதுவைக்கோல் கிடக்கு என்று
குரலைத் தாழ்த்திச் சொன்னது
அவளாகத்தான் இருக்கணும்.
வேதத்தில் இல்லை.
வேதத்தில் இல்லாத நிறையபேர்
அன்றைக்கு வேலையில் இருந்தார்கள்.

மூன்றரைக்குக் கணக்கு முடிந்தது.
கவரில் ஆயிரத்து முந்நூறு.
கேக்கைச் சதுரமாக்கும்போது கழிந்த ஓரங்களைத்
தாளில் பொதிந்துகொண்டேன்.
கேட்காமல் எடுக்கலாம், அது மட்டும்.

நாலு மணி ஆராதனை.
ரப்பர் தோட்டத்துக் குறுக்குவழியில் பனி கொட்டியது.
யாரோ மரக்கிளையில் கட்டிய நட்சத்திரம்
ஈரத்தில் ஊறி
ஒரு கால் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கடைசி பெஞ்சு.
பண்டிகை வியாபாரமாகிவிட்டது என்று
போதகர் வருத்தத்தோடு சொன்னார்.
ஆமென் என்றேன், மனசார.
இடுப்பில் கவர் உறுத்தியது.
காணிக்கைப் பையில் நூறு போட்டேன்.
மிச்சம் சீட்டுக்காரிக்கு,
அவளும் இரண்டு பெஞ்சு முன்னால்தான்.
கண் சொருகியது.

முன்னால் இருந்த பையன் திரும்பினான்.
புதுச்சட்டை. காலரில்
விலைச்சீட்டு தொங்கிய நூல் இன்னும் நிற்கிறது.
மூக்கை உறிஞ்சினான்.
என் சேலையெங்கும் கருக்கிய சர்க்கரை.

ஜெபத்தின் நடுவே
சத்தம் வராமல் பொதியைப் பிரித்தேன்.
அவன் அம்மா கண்ணை மூடியிருந்தாள்,
அல்லது மூடியதுபோல் இருந்தாள்.
பாட்டுப்புத்தக அட்டையில்
ஒரு துணிக்கை விழுந்தது.
விரலை நனைத்து
ஒற்றியெடுத்து
அதையும் தின்றான்.