பின்னணி இரைச்சல்

நாளொன்றுக்கு நாற்பது அழைப்பு கேட்கவேண்டும் நான்.
பேசுவது என் வேலையில்லை,
பேசியவர்களுக்கு மதிப்பெண் போடுவது.
வணக்கத்தில் சிரிப்பு தெரிந்தால் ஐந்து.
வாடிக்கையாளர் பெயரை இருமுறை சொன்னால் ஐந்து.
தப்பித்தவறி ஊர்ப்பெயர் வாயில் வந்துவிட்டால்
மொத்தத்துக்கும் பூச்சியம்.

அந்தனானரிவோவில் இருக்கிறோம் என்பதை
அந்தனானரிவோவில் உட்கார்ந்துகொண்டு
சொல்லக்கூடாது.

நான் சேர்ந்தபோது இரண்டு மாடி.
இப்போது ஒன்பது.
ஒன்பதாவதைத் திறக்க அமைச்சர் வந்தார்.
எதிர்காலம் என்ற சொல்லைப் பதினோரு தடவை சொன்னார்
(எண்ணிவிட்டேன், தொழில்புத்தி).
குறை சொல்ல வரவில்லை.
என் தங்கையின் நர்சிங் படிப்பு இதில்தான் நடக்கிறது.
மலையெல்லாம் இருண்டு கிடக்கும் இரவிலும்
எங்கள் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் மாடி, இருக்கை நாற்பத்திரண்டு.
மினிபஸ்ஸில் இறங்கும்வரை வுவாஹிரானா,
ஹெட்செட்டை மாட்டினால் வெரோனிக்.
அழைப்பவர் ஊரின் வானிலை
அவள் திரையோரம் சின்னதாக மினுங்கும்.
லிமோஜில் மழை என்றால்
“இங்கேயும் மழைதான் ஐயா” என்பாள்.
அன்றைக்கு அது பொய்யுமில்லை.

பெஷார் என்றொருவர். இணையம் வரவில்லை.
பெட்டியை அணைத்துப் போடச் சொல்கிறாள்.
விளக்கு பச்சையாக மூன்று நிமிடம் பிடிக்கும்.
அந்த மூன்று நிமிடத்துக்கு மட்டும்
யாரும் வசனம் எழுதிக்கொடுக்கவில்லை.

மௌனம்.
மௌனத்துக்குள்ளே
கொர்ர். க்ரொக். கொர்ர்.

வயலைத் தூர்த்து எழுப்பிய கட்டடம் இது.
லாரி லாரியாகச் செம்மண் கொட்டினார்கள்.
நெல்லுக்குப் புரிந்துவிட்டது, போய்விட்டது.
தவளைகளிடம்தான் யாரும் சொல்லவில்லை போல.

“என்ன சத்தம் அது?”
“லைன் கோளாறு ஐயா, மன்னிக்கவேண்டும்.”
“தவளை மாதிரி இருக்கிறதே.”
ஒரு மூச்சு. பதிவில் அது தெளிவாக விழுந்திருக்கிறது.
“ஜனவரி மாதத்தில் தவளையா, மதாம்?”

வாயுள்ள பிள்ளை பிழைக்குமாம்.
தன் வாயால் கெடுமாம் தவளை.
இரண்டுக்கும் நடுவே ஒரு மைக், 
அவள் உதட்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி.

“பச்சை விளக்கு வந்துவிட்டதா ஐயா?”
“அது அப்போதே வந்துவிட்டது.
வைத்துவிடாதீர்கள், கொஞ்சம்.”

பதினேழு விநாடி.
அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.
பேசவேண்டியவை பேசிக்கொண்டிருந்தன.

படிவத்தில் ஒரு கட்டம்:
பின்னணி இரைச்சல், உண்டு அல்லது இல்லை.
உண்டு என்றால் ஜன்னலை அடைக்க ஆள் வரும்,
அவளுக்கு இந்த மாத ஊக்கத்தொகை போகும்.
திரும்ப ஓடவிட்டேன். இன்னொரு தடவை.
இல்லை என்று குறித்தேன்.

அன்றைக்கு முப்பத்தேழுதான் முடித்தேன்.
எனக்கு மதிப்பெண் போட
ஐந்தாம் மாடியில் ஒருத்தி இருக்கிறாள்.
அவள் பக்கத்து ஜன்னல் எப்படியென்று
எனக்குத் தெரியாது.