நாலாம் மேசைக்கு ஒன்று

உப்புவெளியில் எங்கள் குசினிக்குக் கடல் தெரியாது.
யன்னலைத் திறந்தால் காஸ் சிலிண்டர்,
அப்பால் மதில், மதிலில் காயும் விருந்தினர் துவாய்கள்.
இரைச்சலை வைத்துத்தான் கடல் எப்படி என்று சொல்வேன்.
வந்திருப்பவர் எந்த ஊர் என்பதை
கிழங்கைப் பற்றி அவர் பிடிக்கும் சண்டையை வைத்து.

மெனு மட்டையில் ஒரே வரிதான்:
கிழங்குப் பான்கேக், எண்ணூறு ரூபா.
முதலாளி எழுதியது. எதைக் கண்டு எழுதினாரோ.
முதல்நாள் நான் சுட்டதைப் பார்த்து றிபாயா சொன்னாள்:
"கட்லட்டை ஆரோ மிதிச்சுப்போட்டாங்க."

அடுத்த நாளே டனூட்டா உள்ளே வந்துவிட்டாள்,
போலந்துக்காரி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு.
கரட் துருவியின் பொடிக்கண் பக்கத்தைத் திருப்பி
முழங்கை ஆட ஆடத் தேய்த்தாள்.
விரல்மொழி கொஞ்சம் சிராய்ந்தால்தான்
அவளூரில் அதைச் சாப்பாடு என்பார்களாம்.
புளித்த கிறீம் கேட்டாள். கிண்ணியாச் சட்டித் தயிர் கொடுத்தேன்.
சட்டியை வழித்து முடித்த பிறகு
இது வேறு என்றாள்,
குறையாகச் சொல்லவில்லை.

சுவிஸ்காரருக்கு மாவென்ற பேச்சே ஆகாது.
முட்டையென்றால் பொலிஸுக்குப் போவார்.
நேற்றே அவித்து ஆறின கிழங்கு,
தாச்சி அகலத்துக்கு ஒரே தட்டு.
கவிழ்த்துப்போடும்போது நான் பிள்ளையாரை நினைப்பேன்,
பிள்ளையார் கண்ணை மூடிக்கொள்வார்.

டெல் அவிவ் பெடியன்கள் ஆடி வெயிலில் இருந்து கேட்டார்கள்.
மார்கழியில் விளக்கேற்றும் எட்டு நாளும்
பொரித்தே தின்பார்களாம்,
எண்ணெயை நினைக்கவென்று ஒரு திருநாள்.
போத்தல் விலையை நானும் நினைத்துக்கொண்டேன்.

கொரியப் பிள்ளை மட்டும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.
பிழிந்த தண்ணீரை ஊற்றப் போயிருந்தேன்.
பொறு என்று சைகை. பத்து நிமிஷம்.
பிறகு மெல்லச் சரித்தாள்:
அடியில் சுண்ணாம்பு போல ஒரு படிவு,
அழுத்தினால் கல், விட்டால் பால்.
இத்தனை வருஷம் நான் பீலிக்குள் ஊற்றியது அது.

நாலாம் மேசை றைன்ஹாட் சண்டை பிடிக்கவில்லை.
ஆப்பிள் மசியல் இருக்குமா என்று மட்டும் கேட்டார்.
இல்லையென்றதும், பரவாயில்லை என்று
தட்டைத் தொடாமல் வைத்துவிட்டுப் போனார்.
எப்போதும் இரண்டு கதிரை கேட்பவர்.
மற்றதில் அவருடைய தொப்பி இருக்கும்.

ஒரு ஆப்பிள் இருநூற்றைம்பது. முதலாளி தரமாட்டார்.
ஜெனோசன் சைக்கிளில் கொண்டுவந்த விளாம்பழம் நாலு கிடந்தது.
உடைத்து, பனங்கட்டி போட்டுக் கிண்டினேன்.
கறுப்பாய்த்தான் வந்தது, களப்புச் சேறு மாதிரி.
அனுப்பிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.
என்ன பழமென்று கேட்டிருக்கிறார்.
ஜெனோசனுக்குத் தெரிந்த இங்கிலிஷில் அது மர ஆப்பிள்.
சிரிப்பு மதிலில் பட்டுத் திரும்பி வந்தது.
தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாராம்,
அந்தக் கதிரையில் பெடியனை இருத்தி
பாதியைப் பிய்த்துக் கொடுத்தாராம்.
முதலாளி கண்டிருந்தால் இருவருக்கும் ஏச்சு.

ஐப்பசி பிந்திவிட்டது.
பதினொரு அறையும் யானை உண்ட விளாங்கனி,
ஓடு அப்படியே.
கடல் இப்போது குசினிக்குள்ளேயே இரைகிறது.
றிபாயாவும் நானும் மிஞ்சிய கிழங்கைத் துருவுகிறோம்,
முளை விட்டதைக் கிள்ளி எறிந்து.
பம்பாய் வெங்காயம், பச்சைமிளகாய், இடித்த மாசி.
மாவா? கொஞ்சம். முட்டை? ஒன்று இருந்தது.
தண்ணீரைப் பிழிந்து, பொறுத்து,
அடியில் கிடந்ததை வழித்துச் சேர்க்கிறோம்.

இதுக்கு எந்த நாட்டுப் பேர் என்கிறாள்.
எனக்கு வாய் நிறையச் சூடு.
பொறு என்று கை காட்டுகிறேன்.
பொறுக்காமல்
அடுத்ததை எடுக்கிறாள்.