ஏழாம் மாதத்து ஆரஞ்சு

சனிக்கிழமை. வாட்டர்லூ தெருவில்
யூத ஆலயத்தின் இரும்புக் கதவருகே
மழைக்கு ஒதுங்கினேன்.
உள்ளே ஓதுகிறார்கள். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.
இப்படித்தான் நின்றிருப்பார்கள்
கத்திக்கு அஞ்சி,
அந்த ஒற்றைக் கடவுளை விடவும் மனமின்றி
வாசலோரமாகவே வயதாகிப்போன கிரேக்கர்கள்.

பையில் ஓர் ஆரஞ்சு.
கம்பெனியில் ஹுவே லிங் கொடுத்தது.
பசித்த ஆவிகளுக்குப் படைத்து
ஊதுவத்தி அணைந்த பிறகு எடுத்தது.
"நீ சாப்பிடுவாய்தானே?"

மாலை வகுப்பில் இப்போது கொரிந்து நடக்கிறது.
காலையில் பலிபீடத்தில் சரிந்த மாடு
மத்தியானம் சந்தைக் கொக்கியில் தொங்கும்.
வாங்கலாமா கூடாதா என்று
ஒரு ஊரே இரண்டுபட்டது.
சிலை வெறும் கல்லென்று தெரிந்தவனுக்குத் தடையில்லையாம்,
தெரியாதவன் பார்த்துவிடாத வரை.

சாமி கிடக்கட்டும்,
ரயிலில் தின்றால் ஐநூறு வெள்ளி அபராதம்.
அங்கேயே உரித்தேன்.
பதினொரு சுளை. நல்ல புளிப்பு.

டோபி காட்டில் ரயில் மாறும்போது
பக்கத்தில் வந்து நின்றார்
எங்கள் சபை ஞானப்பூ அக்கா.
"என்ன தம்பி, கை மணக்குது?"
ஆரஞ்சு என்றேன்.

யாருடையது என்று
அவர் கேட்கவில்லை.