என் பேரில் உள்ளவை

கலியாணம் முடிந்து நாலாம் மாதம்
லாங்கந்தால் வீட்டுக்கு
ஹெர் ஆம்ஷ்டுட்ஸ் வந்தார்.
சப்பாத்தை வாசலிலேயே கழற்றினார்.
இதற்கு முன்னமும் நிறையத் தமிழ் வீடுகளுக்கு
கடன் வசூல் கந்தோரிலிருந்து போயிருக்க வேண்டும்.

கேதீஸ் தேத்தண்ணி போட்டுக்கொண்டே இருந்தார்.
மூன்று கோப்பைக்கு
ஆறுதரம் தண்ணீர் கொதித்தது.

ஓல்ட்டனில் அவர் நடத்திய கொத்துரொட்டிக் கடை
நான் அவரை அறிய ஐந்து வருடம் முந்தியே
பூட்டிய கடை.
அதன் அடுப்புக்கு லீசிங் பாக்கி,
புகைக்கூண்டுக்கு ஒரு வழக்கு,
நின்றபடி தின்றுவிட்டுப் போனவர்களின்
ஏப்பத்துக்கும் சேர்த்து வரி.
எல்லாம் இப்போது
என் தபால்பெட்டியில் வந்து விழுகின்றன.
பெட்டியில் அவர் பெயரை ஒட்டியது நான்தான்.
பசை காய முன்னமே முதல் கடிதம் வந்தது.

"பயப்படாதீர்கள்" என்றார் ஆம்ஷ்டுட்ஸ்.
"அவர் கடன் அவருடையது.
நீங்கள் கையெழுத்து வைக்காதவரை..."

அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன்.
முதல் மனுசனின் காருக்கு
ஒருமுறை நான் வைத்த கையெழுத்து
அவன் விட்டுப் போன பிறகும்
முப்பத்தாறு மாதம்
விடிய நாலரைக்கு என்னை எழுப்பியது.
அந்தக் காரில் நான் ஏறியது
இரண்டு சாமத்தியவீட்டுக்கும்
ஒரு செத்தவீட்டுக்கும்.

பிறகு அவர் சுற்றிப் பார்த்தார்.
தையல் மெசின்?
என்னுடையது, ரசீது இதோ.
டீவி? என்னுடையது. இதோ.
கட்டில்?
இரண்டு பேரும் போய் வாங்கினது என்றேன்.
பேனா கொஞ்சம் நின்றது.
அது இருக்கட்டும் என்றார்.

லாச்சிக்குள் இரண்டு கொத்துத் தகடு கிடந்தன.
தொழிற்கருவி, இதை நாங்கள் தொடமாட்டோம்
என்று அவரே சொன்னார்.
கேதீஸ் அன்றைக்கு முதல்முறையாக
நிமிர்ந்து பார்த்தார்.

என் சம்பளத்தில் ஒரு சதமும் எடுக்கமாட்டார்கள்.
உண்மைதான்.
ஆனால் கணக்கு என்று ஒரு தாள் இருந்தது.
வாடகையில் என் பங்கு,
அரிசி பருப்பில் என் பங்கு.
உழைக்கிற ஒருத்தி வீட்டில் இருப்பதால்
கேதீஸ் உயிர்வாழத் தேவையான காசு
குறைந்து போயிற்றாம்.
குறைந்ததற்கு ஏற்ப
அவர் சம்பளத்தில் கூடப் பிடிப்பார்களாம்.
முதியோர் இல்லத்தில்
நான் மடிக்கிற ஒவ்வொரு விரிப்பும்
எப்போதோ அணைந்த ஓர் அடுப்புக்குப் போகிறது.
நான் கடன்காரி இல்லை.
நான் ஒரு கழித்தல்.

"இந்தச் சங்கிலி?"
என் கழுத்தைப் பார்த்தவர்
உடனே யன்னல் பக்கம் திரும்பினார்.
நல்ல மனிதர்.
அன்பளிப்பு, ஆகவே உங்களுடையது
என்று எழுதிக்கொண்டார்.

அவருக்குத் தெரியாது:
இந்த ஒன்பது பவுண் கொடி
பத்மலோஜினி அக்காவின் சீட்டில்
கலியாணத்துக்கு முன்
கேதீஸ் கழிவு கூறி எடுத்த காசு.
இன்னும் பதினேழு மாதம் கிடக்கிறது.
எந்தக் கந்தோரின் ஏட்டிலும் இல்லை.
கோயிலில் கண்டால் அக்கா
முகத்துக்கு முதல் கழுத்தைத்தான் பார்க்கிறா.
"நான் கேக்கேல்லைத் தங்கச்சி.
கேதீசுக்குச் சம்பளத்தில பிடிக்கிறாங்களாம்
எண்டு கேள்விப்பட்டன், அதுதான்."

ஆம்ஷ்டுட்ஸ் போனபின்
ரசீதுகளை வருட ஒழுங்கில் திரும்ப அடுக்கினேன்.
கேதீஸ் அந்த இரண்டு தகடுகளையும்
கழுவித் துடைத்தார்.
அவற்றில் அழுக்கே இல்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளி
கோயில் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து
நானூறு பிராங்.
அக்கா என்னிடம் ஒப்பம் கேட்பதில்லை.
நானும் துண்டு கேட்பதில்லை.

"பத்மலோஜினியக்கா நல்ல மனுசி,
இந்த மாசமும் ஒண்டும் கேக்கேல்லை"
என்றார் நேற்று இரவு.

ஓம் என்றேன்,
இரண்டு பேரும் போய் வாங்கின கட்டிலில்
என் பக்கத்தில் படுத்தபடி.