மூலை மீன்கள்

பௌதீலியோ கட்டிலில் விரித்திருந்தான்
பதினெட்டு வருடக் கல்யாணங்களை:
இரண்டு கேமரா, ஐந்து லென்ஸ்,
ஒரு காலில் டேப் சுற்றிய முக்காலி.
கலாமா நகரத்தில் இப்போது
படக்காரனை யாரும் கூப்பிடுவதில்லையாம்.
மைத்துனன் போனிலேயே கல்யாணம் முடிந்துவிடுகிறது.

என் பையில் ஒப்பந்த போனஸ்.
வாஷிங் மெஷினுக்கென்று அக்கா நில்டா
மனசுக்குள் எடுத்துவைத்த பணம்.

"எதை எடுக்கப் போகிறாய்?"
இருட்டை, என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே
பேரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்.

முன்னூறு டன் லாரி ஓட்டுகிறவள் நான்.
ஏழு இரவு சுரங்கத்துக்கு, ஏழு இரவு எனக்கு.
செம்புக் குழிக்குள் சுற்றிச் சுற்றி இறங்கும்போது
தலைக்கு மேலே ஒரு துண்டு வானமும் மிஞ்சாது,
விளக்குக் கம்பங்கள் தின்றுவிடும்.

எங்கள் மலைப்பக்கத்தில்
புள்ளிகளுக்குக் கோடிழுத்து மட்டும் உருவம் காண்பதில்லை.
பால்வீதி நடுவே ஒளியில்லாத இடம் இருக்கிறதே,
அது லாமா.
நீண்ட கழுத்து, வயிற்றடியில் குட்டி,
கண்ணுக்கு மட்டும் இரண்டு நட்சத்திரம் கடன்.
அதற்கு எந்தக் கேமரா?

பழையதில் கருப்பு கருப்பாக வராது என்றான்.
ஐ.எஸ்.ஓ. ஏற்றினால் சிவப்பும் பச்சையுமாய் மணல் தூவும்,
லாமாவுக்குச் சொறி பிடித்த மாதிரி.
புதியதைத் தூக்கிப் பார்த்தேன். விலை சொன்னான்.
சுடுசட்டியைப் போல் கீழே வைத்தேன்.
பிறகு மறுபடி எடுத்தேன்.

சான் பெத்ரோவில் ஒரு வழிகாட்டி
வானத்தோடு சேர்ந்து சுழலும் சின்ன மோட்டார் விற்கிறான்.
அதன்மேல் கேமராவை வைத்தால்
நட்சத்திரம் ஊசிமுனையாய் நிற்கும், மலை வழுக்கிக்கொண்டு போகும்.
நிறுத்தினால் மலை நிற்கும், வானம் இழுபடும்.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
தனித்தனியாய் எடுத்து கம்ப்யூட்டரில் ஒட்டலாமாம்.
ஒட்டலாம்.
ஒட்டினது எனக்குத் தெரியுமே.

ஆக, புதிய கேமரா, கீறல் விழுந்த இருபது மில்லிமீட்டர் லென்ஸ்.
முக்காலியை இனாமாய்க் கொடுத்தான்.

செப்டம்பர். கஸ்பானா தாண்டி ஒரு மேடு.
முக்காலி காற்றில் ஆடாதிருக்க
நடுவே ஒரு பை கல்லைத் தொங்கவிட்டேன்.
எங்கிருந்து வந்த கல் என்று கேட்காதீர்கள்.
மாற்று பேட்டரி காலுறைக்குள், கணுக்காலோடு.
ஐந்நூறை இருபதால் வகுத்தேன்: இருபத்தைந்து விநாடி.
அதற்கு மேல் பூமி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

லென்ஸில் முடிவிலி என்று குறித்த இடத்தில்
முடிவிலி இல்லை.
ஒரு மயிரிழை முன்னாலேயே இருக்கிறது.
அதைத் தேடுவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன.

திரையில் லாமா வந்தது. சொறி இல்லை.
ஆனால் நான்கு மூலையிலும்
நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைத்திருந்தது,
விண்மீனெல்லாம் பறவையாகி
படத்தை விட்டு வெளியே பறக்கிற மாதிரி.
காலையில் பௌதீலியோவைக் கூப்பிட்டேன்.
"பதினெட்டு வருஷம். பார்த்ததே இல்லை," என்றான்.
"எப்போதும் முகத்தை நடுவிலேயே வைத்தேன்."

இன்னொன்றும் இருந்தது.
மேற்கே, தொடுவானத்தில், வெள்ளையாய் ஒரு வீக்கம்:
எங்கள் சுரங்கம்.
மஞ்சள் விளக்குக் காலமென்றால் ஒரு ஃபில்டர் போதும்,
இப்போது எல்.இ.டி., எதுவும் தடுக்காது.
அந்த வெளிச்சத்துக்குள் என் லாரியை
ரதோமிர் சுலேத்தா ஓட்டிக்கொண்டிருந்தான்,
என் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, ரேடியோவை மாற்றி.
லாமாவின் மூக்கு அதை முகர்ந்தபடி.

வெட்டிவிடலாம். ஒரு விரல் வேலை.
வெட்டவில்லை.
இந்தக் கேமராவை வாங்கித் தந்ததே அந்த வெளிச்சம்தான்.

நில்டாவிடம் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தாள், மூலைகளைக்கூட.
"உன் சட்டையெல்லாம் புழுதி," என்றாள்.

கையாலேயே துவைத்தேன்.